எம்.பி. பேச வரும் நாளில் பிள்ளைக்கு லீவு போடலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியைச் சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். மகள் இங்கே சிங்கப்பூர்ப் பள்ளியில் தொடக்கநிலை இரண்டு, அதாவது இரண்டாம் வகுப்பு. போன மாதம் இன நல்லிணக்க நாளுக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிடச் சொன்னார்கள், இப்போது தேசிய தினக் கொண்டாட்டத்துக்கு எம்.பி. வந்து பேசுகிறார் என்று அறிவிப்பு வந்திருக்கிறது. சின்னப் பிள்ளையிடம் அரசியல்வாதிக்கு என்ன பேச்சு, அதுவும் இனத்தைப் பற்றி, அன்று லீவு போட்டுவிடலாமா என்கிறீர்கள்.

போடாதீர்கள்.

ஊரில் மந்திரி வருகிறார் என்று நம்மை ரோட்டோரம் வெயிலில் நிறுத்திவைத்த நினைப்பில் இதை அளக்க வேண்டாம். ஆறாவது படிக்கும்போது நான் மூன்று மணி நேரம் நின்றேன், அந்த மனுஷன் கார் கண்ணாடியைக்கூட இறக்கவில்லை. இங்கே ஹாலில் உட்கார்ந்து பாட்டு, உறுதிமொழி, கொஞ்ச நேரப் பேச்சு, மதியத்துக்குள் வீடு.

பேச்சுக்குப் பயந்து பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்ட கதை ஒன்றை என் அண்ணன் அடிக்கடி சொல்வார். 2009 செப்டம்பர் 8 அன்று ஒபாமா வர்ஜீனியாவில் ஆர்லிங்டன் பள்ளி ஒன்றிலிருந்து அமெரிக்க மாணவர்கள் எல்லோரிடமும் பேசினார். அண்ணன் அப்போது அந்தப் பக்கம்தான் இருந்தார். சோஷலிசத்தைப் புகட்டப்போகிறார் என்று முன்கூட்டியே ஒரே கூச்சல், சில பெற்றோர் அன்று பிள்ளைகளை அனுப்பவே இல்லை. முந்தைய நாளே வெளியான உரையில் இருந்தது என்ன? ஒழுங்காகப் படி, ஒருமுறை தோற்றால் விட்டுவிடாதே, ஃபுளூ காலம், கையை நன்றாகக் கழுவு. நம் அப்பாக்கள் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் தினமும் சொன்னதுதான். 1991ல் அப்பா புஷ் இதே மாதிரி பேசியபோது ஜனநாயகக் கட்சிக்காரர்கள் குறை சொன்னார்கள், அதனால் எல்லாம் நிறத்தால் வந்த வினை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் 'அந்த ஆள் என் பிள்ளையிடம் பேசக்கூடாது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன விதத்தைக் கேட்டபிறகு அண்ணனுக்குச் சந்தேகமே இல்லை.

சரி, இங்கே வருவோம். மேடையில் பேசுவதால் எதுவும் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. 2016ல் என் மகனும் தொடக்கநிலை இரண்டுதான். நடனப் பயிற்சியில் பக்கத்தில் நின்ற பையன் இவன் கையைப் பிடிக்கமாட்டேன், கறுப்பு ஒட்டிக்கொள்ளும் என்று சொல்லிவிட்டான். எதற்கான பயிற்சி தெரியுமா, இன நல்லிணக்க நாளுக்கு! அன்று ராத்திரி குளியலறையில் கை முழுக்கப் பவுடரை அப்பிக்கொண்டு நின்றான். வகுப்பாசிரியைக்கு எழுதினேன், அவர் இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினார், நன்றாகத்தான் பேசினார். ஆனால் அந்தப் பையன் அதை எந்த எம்.பி.யிடமும் கற்கவில்லை, அவன் வீட்டில் கற்றான் என்று நான் பொரிந்துகொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர் மெதுவாக, 'நீ போனில் அத்தையிடம் மேல்வீட்டுச் சீனத்தி, அந்தப் பங்களாதேஷ்காரன் என்று பேசுவதை நம்ம பையனும்தானே கேட்கிறான்' என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. இன்னும் சில சமயம் நாக்கு தவறத்தான் செய்கிறது.

இன நல்லிணக்க நாள் ஏன் ஜூலை 21 என்று மகளிடம் சொன்னீர்களா? 1964ல் அதே நாளில் நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது சீனருக்கும் மலாய்க்காரருக்கும் கலவரம் வெடித்தது, செப்டம்பரில் மறுபடியும், இரண்டு தடவையும் சேர்த்து 36 பேர் இறந்தார்கள். பிள்ளைகளுக்கு அது மாறுவேட நாள் மாதிரி ஆகிவிட்டது, எனக்கு அதில் வருத்தம். 'இனம், மொழி, மதம்' என்று அவள் சொல்லும் உறுதிமொழியை 1966ல் எழுதிய, சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம் யாழ்ப்பாணத்தில் பிறந்த தமிழர், அதையும் சொல்லுங்கள், நிமிர்ந்து உட்காருவாள்.

அப்புறம் கேள்விகள் வரும், தயாராக இருங்கள். பிரதமர் தேசிய தினப் பேரணி உரையை மலாய், சீனம், ஆங்கிலம் மூன்றிலும் பேசுகிறார், தமிழில் ஏன் பேசுவதில்லை என்று என் மகன் ஒன்பது வயதில் கேட்டான். வசந்தம் தமிழ் ஒளிவழியில் மொழிபெயர்ப்பு வருகிறதே என்று சமாளித்தேன், அவன் ஒத்துக்கொள்ளவில்லை. 2023ல் தமிழரான தர்மன் 70.4 விழுக்காடு வாங்கி அதிபரான இரவில் அதே பையன் ஒன்றும் கேட்கவில்லை, தூங்கப் போய்விட்டான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

ஆகவே அனுப்புங்கள். திரும்பி வந்ததும் எம்.பி. என்ன பேசினார் என்று கேட்காதீர்கள், அவளுக்கு ஞாபகம் இருக்காது. இடைவேளையில் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். ஒரு வாரம் தொடர்ந்து தனியாக என்று பதில் வந்தால் எனக்கு எழுதுங்கள், வகுப்பாசிரியைக்கு எப்படி எழுதுவது என்று சொல்கிறேன். சிவப்புச் சட்டை இல்லையென்றால் வெள்ளையே போதும், அதற்காகக் கடைக்கு ஓடவேண்டாம்.