கரண்ட் போனா எலக்ட்ரிக் வண்டிய என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

எலக்ட்ரிக் வண்டி பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்த கடிதங்கள்ல திரும்ப திரும்ப இருந்தது ஒரே கவலைதான், கரண்ட் கட்டு. அதனால இந்த தடவை அத மட்டும் எடுத்துக்கிட்டோம்.

கேள்வி: எனக்கு ஸ்கூல் போக வர 24 கிலோமீட்டர். எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கிக்கோன்னு வீட்டுக்காரர் சொல்றார், மாமனார் வேணாங்குறார். மாசத்துல ஒரு நாள் பகல் பூரா கரண்ட நிறுத்துறாங்க, கஜா புயலப்போ வாரக்கணக்கா இருட்டுல கிடந்தோம், அப்ப இந்த வண்டிய வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவன்னு கேக்குறார். பதில் சொல்ல தெரியல. (ஆசிரியை, மன்னார்குடி)

பதில்: மாமனார் கேக்குறது நியாயமான கேள்வி சகோதரி, அந்த புயல பாத்தவங்க அப்படித்தான் கேப்பாங்க. ஆனா அவர் ரெண்டு விஷயத்த ஒண்ணா சேத்து சொல்றார், நாம தனித்தனியா பாக்கலாம்.

மாசாந்திர பராமரிப்பு நிறுத்தம் உங்கள தொடவே தொடாது. அது காலைல 9 மணிக்கு போய் சாயங்காலம் வந்துரும், முன்கூட்டியே பேப்பர்ல ஊர் பேரோட போட்டுடறாங்க, நீங்க சார்ஜ் போடறது ராத்திரி. 3 யூனிட் பேட்டரி உள்ள ஸ்கூட்டர்னா நம்ம ரோட்டுல ஏறக்குறைய 90 கிலோமீட்டர் ஓடும், அப்ப உங்க 24 கிலோமீட்டருக்கு மூணு நாள் சார்ஜே போடாம ஓட்டலாம். ஒரு பழக்கத்த மட்டும் முதல் நாள்ல இருந்தே பிடிச்சுக்கோங்க, 10 பர்சென்ட் வரைக்கும் ஓட்டிட்டு அப்புறம் போடுறது வேணாம், பாதிக்கு கீழ போனாலே ராத்திரி சொருகிடுங்க. கரண்ட் கட்டுல மாட்டிக்கிட்டேன்னு எழுதுறவங்க நிறைய பேர் பேட்டரி காலியாகுற வரைக்கும் காத்திருந்தவங்கதான்.

புயல் வேற கதை. கஜா 2018 நவம்பர் 16 விடியறதுக்குள்ள வேதாரண்யம் பக்கம் கரைய கடந்துச்சு, லட்சத்துக்கு மேல கரண்ட் கம்பம் சாஞ்சுது, வெளி மாவட்டத்துல இருந்தெல்லாம் லைன்மேன்கள் வந்து சேத்துலயும் வயல்லயும் இறங்கி வேலை பாத்தும் உள் கிராமங்களுக்கு லைட் எரிய அவ்வளவு நாள் ஆச்சு. அந்த நிலைமைல வீட்டு சார்ஜர் உதவாது, அத மறைக்க வேணாம். ஆனா பெட்ரோல் பங்க்ல பம்ப் ஓடவும் கரண்டோ ஜெனரேட்டரோ வேணும்ங்கறத மாமனாருக்கு ஞாபகப்படுத்துங்க. அப்ப ஜெனரேட்டர வாடகைக்கு எடுத்து வீடு வீடா டேங்க்ல தண்ணி ஏத்துனத அவரே பாத்திருப்பார், அதே ஜெனரேட்டர்ல உங்க ஸ்கூட்டர் சார்ஜரையும் சொருகலாம், ஏன்னா அது இழுக்கறது 700, 750 வாட்தான், அயர்ன் பாக்ஸ் அளவு.

என் கருத்து இது. வீட்டுல வேற ஒரு பெட்ரோல் வண்டி இருந்தா தயங்காம வாங்குங்க. இருக்கப்போற ஒரே வண்டி இதுதான்னா, பேட்டரிய கழட்டி எடுக்கற மாடலா பாருங்க, ஹீரோ கம்பெனியோட விடா மாதிரி சிலது வருது, கரண்ட் இருக்கற பக்கத்து ஊருக்கு பஸ்ல கூட பேட்டரிய தூக்கிட்டு போயிடலாம். அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் 60 பர்சென்ட்டுக்கு கீழ இறங்க விடாதீங்க, காத்தழுத்த தாழ்வுன்னு ரேடியோல சொன்ன அன்னைக்கே ஃபுல் பண்ணி வெச்சுடுங்க, கரண்ட் போனப்புறம் அந்த சார்ஜ் ஆஸ்பத்திரிக்கும் மருந்துக் கடைக்கும் மட்டும்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லிடுங்க.

கேள்வி: சார்ஜ் ஏறிட்டு இருக்கறப்பவே எங்க ஏரியால கரண்ட் பத்து தடவை போய் போய் வருது. பேட்டரி சீக்கிரம் செத்துரும்னு மெக்கானிக் சொல்றார். உண்மையா? (சேலம்)

பதில்: பேட்டரிக்கு அதால ஒண்ணும் ஆகாது சார். உள்ள பிஎம்எஸ்னு ஒரு சர்க்யூட் இருக்கு, கரண்ட் நின்னா சார்ஜ் நிக்கும், வந்தா விட்ட இடத்துல இருந்து ஏறும், பாதில நிறுத்துறதால லித்தியம் பேட்டரிக்கு கேடு கிடையாது. அடி வாங்குறது சார்ஜர்தான், அதுவும் கரண்ட் திரும்பி வர்ற அந்த முதல் நொடில. தெரு முழுக்க ஃபிரிட்ஜும் மோட்டாரும் ஒரே நேரத்துல எடுக்கறதால வோல்டேஜ் ஏறி இறங்கும். அதனால கரண்ட் போனதும் சார்ஜர் சுவிட்ச அணைச்சுடுங்க, வந்ததும் ஒரு பத்து நிமிஷம் பொறுத்து போடுங்க. இடி மின்னல்னா பிளக்கையே உருவிடணும், சுவிட்ச அணைச்சா மட்டும் போதாது.

இன்னொண்ணு இருக்கு, அதுக்குத்தான் நான் பயப்படுறேன், நியூட்ரல் கட்டு, அதாவது கரண்ட் திரும்பிப் போற கம்பி அறுந்து போறது. காத்துல கம்பி உரசியோ கம்பத்துல ஜாயின்ட் விட்டோ நியூட்ரல் அறுந்துட்டா 230 வோல்ட் வர வேண்டிய வீட்டுக்குள்ள 300, 400 வோல்ட் வரைக்கும் வந்துரும், டிவி, ஃபிரிட்ஜ், சார்ஜர் எல்லாம் ஒரே நேரத்துல புகையும். லைட் திடீர்னு பளிச்சுன்னு எரிஞ்சாலோ ஃபேன் வேகமா சுத்துனாலோ யோசிக்காம மெயின அணைச்சுட்டு மின்வாரியத்தோட புகார் மையம் மின்னகம் 94987 94987க்கு கூப்பிடுங்க. சார்ஜிங் பாயின்ட்டுக்கு தனி ஒயர், தனி எம்சிபி, நல்ல எர்த், வோல்டேஜ் கூடினா குறைஞ்சா தானா கட் பண்ற ஒரு ரிலே, இதெல்லாம் போட்டு வெச்சா சில ஆயிரத்துல முடிஞ்சுரும், சார்ஜர் மாத்துற செலவு அத விட அதிகம்.

கேள்வி: வீட்டுல 900 விஏ இன்வெர்ட்டர், 150 ஏஹெச் பேட்டரி இருக்கு. கரண்ட் போனா அதுல ஸ்கூட்டர சார்ஜ் போடலாமா? (தாம்பரம்)

பதில்: கணக்கு போட்டு பாருங்க சார். 12 வோல்ட்ட 150ஆல பெருக்குனா 1,800, அதாவது 1.8 யூனிட். அத அடி வரைக்கும் உறிஞ்சுனா இன்வெர்ட்டர் பேட்டரியோட ஆயுசு போயிரும், பேட்டரி கரண்ட வீட்டு கரண்டா மாத்தும்போது வீணாகறது வேற, கைக்கு நிக்கறது 1 யூனிட் சொச்சம். அத அப்படியே ஸ்கூட்டர்ல ஏத்துனா 30 கிலோமீட்டர் கிடைக்கும், பதிலுக்கு அன்னைக்கு ராத்திரி ஃபேன் கிடையாது. அதோட 900 விஏ இன்வெர்ட்டர் தாங்குறது 700 வாட் சொச்சம், ஃபேன், லைட் ஓடும்போது சார்ஜரையும் சொருகுனா ஓவர்லோடுன்னு கத்தும். விலை குறைஞ்ச ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்னா சார்ஜர் சூடாகி கெட்டும் போகலாம். ரொம்ப அவசரம், சைன் வேவ் இன்வெர்ட்டர், அதுலயும் வேற லோடு எதுவும் இல்லன்னா அரை மணி ஒரு மணி நேரம் போட்டு ஆஸ்பத்திரி போற தூரத்துக்கு ஏத்திக்கலாம். தினசரிக்கு வேணாம்.

கேள்வி: கார் சார்ஜ் போடத்தான் மாடில 3 கிலோவாட் சோலார் வெச்சேன். போன மாசம் பகல்ல கரண்ட் போச்சு, நல்ல வெயில், ஆனா சோலாரும் நின்னுடுச்சு. கம்பெனிக்காரன் இப்படித்தான் இருக்கும்ங்குறான். ஏமாத்திட்டானா? (கோயம்புத்தூர்)

பதில்: இல்ல சார், அது சரியாத்தான் வேலை செஞ்சிருக்கு. விக்கும்போதே உங்களுக்கு விளக்கி சொல்லாததுதான் தப்பு. நெட் மீட்டரோட சேர்ந்த ஆன்கிரிட் சோலார், அதாவது தெரு லைனோட இணைஞ்சு ஓடறது, லைன்ல கரண்ட் இல்லன்னா தானா நின்னுடணும்னு விதியே இருக்கு. ஏன்னா கரண்ட நிறுத்திட்டு கம்பத்துல ஏறி நிக்கற லைன்மேன் மேல உங்க மாடில இருந்து போற கரண்ட் பாய்ஞ்சா உயிர் போயிரும்.

கரண்ட் கட்டுலயும் ஓடணும்னா ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் ஒரு லித்தியம் பேட்டரியும் வேணும், செலவு நல்லாவே ஏறும். பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு கிடைக்கற 78,000 ரூபாய் மானியம் பேனலுக்கான கணக்குல வர்றது, பேட்டரி செலவு உங்க கைலதான். கார் சார்ஜ் ஒண்ணுக்காக அவ்வளவு போடணுமான்னு கேட்டா, கோவைல இப்ப வர்ற கரண்ட் கட்டுக்கு தேவையில்லன்னுதான் சொல்லுவேன். 3 கிலோவாட் நல்ல வெயில் நாள்ல 12 யூனிட் பக்கம் தரும், அது கார்ல 70, 80 கிலோமீட்டர். லீவு நாள் பகல்ல அத ஏத்தி வெச்சாலே வாரத்துல பாதி ஓடிரும். வீட்டுல வயசானவங்க ஆக்சிஜன் மெஷின்ல இருக்காங்க மாதிரி வேற காரணம் இருந்தா ஹைப்ரிட் போடுங்க.

கேள்வி: வேளச்சேரில தரைத்தளத்துல இருக்கோம். மிக்ஜாம் அப்ப மூணு நாள் கரண்ட் இல்ல, கைக்குழந்தைய வெச்சுக்கிட்டு பட்டபாடு சொல்லி மாளாது. இப்ப எலக்ட்ரிக் கார் வாங்கியிருக்கோம், கார்ல இருந்து வீட்டுக்கு கரண்ட் எடுக்கலாமாமே, எப்படி?

பதில்: எடுக்கலாம்மா, உங்க மாதிரி வீட்டுக்கு இது பெரிய வரம். நெக்ஸான் இவியோட 2023 மாடல், கர்வ் இவி, க்ரெட்டா எலக்ட்ரிக் மாதிரி கார்கள்ல வி2எல், அதாவது கார் பேட்டரில இருந்து வெளி சாமானுக்கு கரண்ட் குடுக்கற வசதி வருது, எல்லா வேரியன்ட்லயும் கிடையாது, உங்க கார்ல இருக்கான்னு கேட்டு அதுக்குண்டான அடாப்டரையும் வாங்கி கார்லயே வெச்சுக்கோங்க. கார் 30 யூனிட் பேட்டரின்னு வெச்சுக்குவோம். அவசரத்துக்கு ஓட்ட 10 யூனிட் ஒதுக்கிட்டா 20 இருக்கு. ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு ஒண்ணு, ஒன்றரை யூனிட், ரெண்டு ஃபேன், நாலு எல்இடி லைட், வைஃபை, போன் எல்லாம் சேத்தாலும் மொத்தம் மூணு நாலு யூனிட்டுக்குள்ள அடங்கும். குழந்தைக்கு பால் சூடு பண்ற கெட்டில், மருந்துக்கு ஃபிரிட்ஜ், எதுக்கும் தட்டுப்பாடு இல்லாம அஞ்சு நாள் ஓட்டலாம். ஏசிய மறந்துடுங்க. மோட்டார் போடறதும் கஷ்டம், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு இழுக்கறதால ட்ரிப் ஆகும்.

இப்ப சொல்றத தயவு செஞ்சு கவனமா படிங்க. கார்ல இருந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டு அதுல ஃபிரிட்ஜயும் ஃபேனயும் நேரா சொருகுங்க. ரெண்டு பக்கமும் பின் வெச்ச ஒயர செஞ்சு வீட்டு சுவர் பிளக்ல சொருகி மொத்த வீட்டுக்கும் கரண்ட் குடுக்கறேன்னு யாராவது எலக்ட்ரீஷியன் சொன்னா வீட்டுக்குள்ளயே விடாதீங்க. அந்த கரண்ட் மீட்டர் தாண்டி தெரு லைனுக்கு போகும், டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறுனா ஹைவோல்டேஜா மாறும், மழைல நனைஞ்சுக்கிட்டு உங்க தெருவுக்கு லைட் குடுக்க வந்த மனுஷன் கம்பத்துலயே கருகிடுவார். அவருக்கும் வீட்டுல குழந்தை இருக்கு. மொத்த வீட்டுக்கும் வேணும்னா தெரு லைன துண்டிச்சுட்டு மாத்தி குடுக்கற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டு முறையா செய்யணும், கார் கம்பெனி அத அனுமதிக்குதான்னும் கேட்டுக்கணும்.

அப்புறம் உங்க இடம் வேளச்சேரி, தரைத்தளம். கரண்ட் கட்டு கவலைய விட தண்ணி கவலைதான் முதல்ல வரும். பேட்டரிக்கு ஐபி67ன்னு போட்டிருப்பாங்க, அதுக்கு அர்த்தம் ஒரு மீட்டர் தண்ணில 30 நிமிஷம் வெச்சு சோதிச்சது, 2023 டிசம்பர்ல உங்க தெருவுல தண்ணி எவ்வளவு நாள் நின்னுச்சுன்னு உங்களுக்கே தெரியும். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்து மேல காரெல்லாம் வரிசையா ஏறி நின்னுச்சே, அந்த முன்ஜாக்கிரதை சரிதான். மேட்டுல சொந்தக்காரங்க வீடு இருந்தா இன்னும் நல்லது, குழந்தையையும் கூட்டிட்டு அங்கயே போயிடுங்க, கார்ல இருந்து எடுக்கற கரண்ட் அங்க உதவும். தப்பித்தவறி கார் மூழ்கிட்டா ஸ்டார்ட் பண்ணவும் கூடாது, சார்ஜ் போடவும் கூடாது. வெளிய பாக்க நல்லா இருந்தாலும் நாள் கழிச்சு கூட பேட்டரி தீப்பிடிக்கலாம். வீட்ட ஒட்டி நிறுத்தாம திறந்த வெளிக்கு டோ பண்ண சொல்லி சர்வீஸ்ல காட்டிட்டுதான் தொடணும்.

கேள்வி: மழைக்காலத்துல சென்னைல இருந்து திருச்சிக்கு கார்ல போகணும். வழில சார்ஜிங் ஸ்டேஷன்ல கரண்ட் இல்லன்னா? (விழுப்புரம்)

பதில்: நடக்கக் கூடியதுதான் சார். ஃபெங்கல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி கரைய கடந்தப்போ உங்க மாவட்டமே தண்ணில நின்னுச்சு, அந்த மாதிரி எச்சரிக்கை இருக்கற நாள்ல பயணத்த தள்ளிப் போடுங்க. மத்த மழை நாள்ல கிளம்பும்போது ஃபுல் சார்ஜ், 40 பர்சென்ட் இருக்கும்போதே அடுத்த ஸ்டேஷன்ல நிறுத்துங்க, 15 வரைக்கும் போக வேணாம். ஆப்புல பச்சையா காட்டுதுன்னு நம்பாம அந்த ஸ்டேஷன் இருக்கற ஹோட்டலுக்கோ பங்குக்கோ போன் போட்டு கரண்ட் இருக்கா, ஜெனரேட்டர்ல சார்ஜர் ஓடுமான்னு கேளுங்க, கடைக்கு ஜெனரேட்டர் இருந்தாலும் சார்ஜருக்கு குடுக்க மாட்டாங்க பல இடத்துல. செல் டவர் படுத்துட்டா ஆப்பும் வேலை செய்யாது, யுபிஐயும் போகாது, அதனால சார்ஜர்ல காட்டுனா சார்ஜ் ஆரம்பிக்கற ஆர்எஃப்ஐடி கார்டு குடுக்கற கம்பெனியோடத ஒண்ணு ரெண்டு வாங்கி காசு போட்டு வெச்சுக்கோங்க. கார் கூட வர்ற 15 ஆம்பியர் போர்ட்டபிள் சார்ஜர டிக்கில இருந்து எடுக்காதீங்க, கரண்ட் இருக்கற ஏதாவது ஒரு லாட்ஜ்ல ராத்திரி தங்கி சொருகுனா காலைக்குள்ள திருச்சி போற அளவுக்கு ஏறியிருக்கும்.