கேட் தேர்வில் 46 மார்க்: மகளுக்கு எம்.டெக். சீட் கிடைக்குமா?

பள்ளியில் 95-க்குக் கீழே இறங்காத பெண், எம்.டெக். சேர்க்கைக்கான தேசிய அளவிலான கேட் (GATE) தேர்வில் நூற்றுக்கு 46 வாங்கினால் பெற்றோர் முகம் வாடத்தான் செய்யும். அந்தக் கவலையை முதலில் இறக்கி வையுங்கள். கேட் வினாத்தாளில் 46 என்பது பிளஸ் டூவின் 46 அல்ல. எலெக்ட்ரானிக்ஸ், எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் போன்ற பெரிய தாள்களில் பொதுப் பிரிவுக்கான தகுதி மார்க்கே அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும் 25-க்கும் 35-க்கும் நடுவில்தான் நிற்கிறது. எழுதுகிறவர்களில் மிகப் பலர் அதைக்கூடத் தாண்டுவதில்லை. உங்கள் மகள் தாண்டிவிட்டார். இனி மார்ச் கடைசியிலிருந்து ஜூலை வரை என்ன செய்கிறீர்கள் என்பதுதான் அவர் எங்கே உட்கார்ந்து படிக்கப் போகிறார் என்பதைத் தீர்மானிக்கும். நல்ல ஸ்கோர் வைத்திருந்தும் இந்த நான்கு மாதத்தில் கோட்டை விடுகிற குடும்பங்கள் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கோர் கார்டில் மூன்று எண்கள் இருக்கும். நூற்றுக்கு வாங்கிய மார்க், ஆயிரத்துக்குக் கணக்கிட்ட கேட் ஸ்கோர், அகில இந்திய ரேங்க். உறவினர்கள் ரேங்க்கைத்தான் கேட்பார்கள். ஆனால் என்.ஐ.டி.களின் எம்.டெக். கவுன்சலிங்கான சி.சி.எம்.டி.யிலும் ஐ.ஐ.டி.களிலும் வரிசை போடுவது பெரும்பாலும் கேட் ஸ்கோரை வைத்துத்தான். காரணம் எளிது. ஒரு ஸ்கோர் மூன்று ஆண்டு செல்லும். போன வருடம் எழுதியவரும் இந்த வருடம் எழுதியவரும் ஒரே சீட்டுக்கு நிற்கும்போது ரேங்க்கையோ மார்க்கையோ அப்படியே ஒப்பிட முடியாது. வினாத்தாள் ஒரு வருடம் கடினமாக இருக்கும், ஒரு வருடம் இளகியிருக்கும்.

அந்த ஸ்கோர் எப்படி வருகிறது என்று ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீரும். பொதுப் பிரிவின் தகுதி மார்க் வாங்கியவருக்கு 350 ஸ்கோர். முதல் 0.1 சதவீதத்தினர் அல்லது முதல் பத்துப் பேர், இதில் எது அதிக எண்ணிக்கையோ அவர்களுடைய சராசரி மார்க்குக்கு 900 ஸ்கோர். இந்த இரண்டுக்கும் நடுவே நேர்கோட்டில் மற்ற எல்லோரும் அமர்வார்கள். உதாரணத்துக்கு ஒரு தாளில் தகுதி மார்க் 28, உச்சத்தில் இருப்பவர்களின் சராசரி 82 என்று வைத்துக்கொள்வோம். 46-லிருந்து 28-ஐக் கழித்தால் 18. 82-லிருந்து 28-ஐக் கழித்தால் 54. 18-ஐ 54-ஆல் வகுத்து 550-ஆல் பெருக்கி 350-ஐக் கூட்டினால் 533. இதே 46 மார்க், தகுதி 25 ஆகவும் உச்சச் சராசரி 70 ஆகவும் இருக்கிற கடினமான தாளில் 607 ஆகிவிடும். மார்க் ஒன்றுதான், ஸ்கோரில் 74 வித்தியாசம். அதனால் "பக்கத்து வீட்டுப் பையன் 52 வாங்கினான்" என்ற பேச்சுக்கு, அவன் எந்தத் தாள், எந்த வருடம் என்று தெரியாதவரை அர்த்தமில்லை.

ஓ.பி.சி. பிரிவினருக்கும், பொருளாதாரத்தில் நலிந்த இ.டபிள்யூ.எஸ். பிரிவினருக்கும் தகுதி மார்க் பொதுப் பிரிவின் 90 சதவீதம். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு. ஸ்கோர் கணக்கு மட்டும் எல்லோருக்கும் பொதுப் பிரிவின் அளவைக் கொண்டே போடப்படுவதால், தகுதி பெற்ற எஸ்.சி. மாணவர் ஒருவரின் கார்டில் 350-க்குக் குறைவான ஸ்கோர் இருக்கலாம். அதைப் பார்த்துவிட்டுத் தோற்றுவிட்டதாக நினைத்து விண்ணப்பிக்காமல் விடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படி விடாதீர்கள். ஸ்கோர் கார்டு கைக்கு வந்திருக்கிறது என்றாலே தகுதி பெற்றாயிற்று என்றுதான் பொருள்.

அடுத்தது விண்ணப்பம். இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். இன்ஜினியரிங் சேர்க்கையைப் போல ஒரே விண்ணப்பம் போட்டால் எல்லாக் கல்லூரிக்கும் போய்விடும் என்று நினைக்கிறார்கள். ஐ.ஐ.டி. எம்.டெக். அப்படி இல்லை. மெட்ராஸ், பம்பாய், ஹைதராபாத் என்று ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் அதனதன் தளத்தில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தனித்தனியாகக் கட்டணம் கட்ட வேண்டும். தேதிகளும் வேறு வேறு. கேட் முடிவு வந்து சில வாரத்துக்குள்ளேயே சில ஐ.ஐ.டி.களின் கதவு மூடிவிடும். இதோடு கோஆப் என்ற பொதுத் தளத்திலும் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணை ஐ.ஐ.டி. விண்ணப்பங்களில் கொடுக்க வேண்டும். கோஆப் சீட் ஒதுக்குவதில்லை. ஐ.ஐ.டி.கள் கொடுக்கும் ஆஃபர்களை ஒரே இடத்தில் காட்டி, மாணவரின் முடிவை வாங்கிக்கொள்ளும் தளம் அது. கோஆப்பில் மட்டும் பதிந்துவிட்டு ஆஃபர் வரும் என்று மே மாதம் முழுவதும் காத்திருப்பது வீண்.

ஆஃபர் வந்ததும் மூன்று வழிகள் இருக்கும். ஏற்று உறுதி செய்தால் அத்தோடு முடிந்தது, அடுத்த சுற்றுகளில் பெயர் வராது. கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தால் மேலானது வருகிறதா என்று பார்க்கலாம். மறுத்துவிட்டுக் காத்திருந்தால் அந்தச் சீட் போனது போனதுதான், அதே ஆஃபர் திரும்ப வராது. 46 மார்க்கில் இருக்கிற ஒருவர் முதல் சுற்றில் வந்ததை மறுப்பது பெரும்பாலும் நல்ல முடிவல்ல. பிடிக்காத துறை என்றால் மறுக்கலாம். "இன்னும் நல்லது வரும்" என்ற நம்பிக்கைக்காக மட்டும் என்றால், வைத்துக்கொண்டு காத்திருங்கள்.

என்.ஐ.டி.களுக்கு சி.சி.எம்.டி. ஒரே விண்ணப்பம்தான். திருச்சி, சூரத்கல், வாரங்கல், கோழிக்கோடு எல்லாம் இதில் வரும். இளநிலையில் பொது, ஓ.பி.சி., இ.டபிள்யூ.எஸ். பிரிவினருக்கு 6.5 சி.ஜி.பி.ஏ. அல்லது 60 சதவீதம் வேண்டும். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 6.0 அல்லது 55 சதவீதம். அந்த வாசலைத் தாண்டிய பிறகு சி.ஜி.பி.ஏ. 6.6 ஆக இருந்தாலும் 9.2 ஆக இருந்தாலும் ஒன்றுதான், கேட் ஸ்கோர் மட்டுமே பேசும். கல்லூரி மார்க் சற்று இறங்கிப்போன பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

விருப்பப் பட்டியல் போடும்போது பெற்றோர் குறுக்கிடுவது பட்டியலைக் கெடுத்துவிடுகிறது. "கிடைக்காததை ஏன் மேலே போடுகிறாய், கிடைப்பதை முதலில் போடு" என்பார்கள். இது தவறு. கணினி மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வரும். முதல் விருப்பம் கிடைக்கவில்லை என்பதற்காக மூன்றாவதில் உங்கள் வாய்ப்பு குறையாது. ஆனால் ஒரு சீட் ஒதுக்கிவிட்டால் அதற்குக் கீழே நீங்கள் போட்ட எதுவும் இனி இல்லை. எனவே உண்மையில் எது வேண்டுமோ அந்த வரிசையிலேயே போடுங்கள், நீளமாகப் போடுங்கள். சேர விருப்பமே இல்லாத ஒன்றை மட்டும் பட்டியலில் வைக்காதீர்கள். சீட் வந்த பிறகு ஃப்ரீஸ், ஸ்லைடு, ஃப்ளோட் என்று கேட்கும். இதுவே போதும் என்றால் ஃப்ரீஸ். அதே கல்லூரியில் மேலே போட்ட வேறு பிரிவு கிடைத்தால் மாறுவேன் என்றால் ஸ்லைடு. பட்டியலில் மேலே இருக்கிற எந்தக் கல்லூரியானாலும் சரி என்றால் ஃப்ளோட்.

முந்தைய ஆண்டுகளில் எந்த ஸ்கோரில் சீட் முடிந்தது என்ற விவரம் சி.சி.எம்.டி. தளத்திலேயே இருக்கிறது. அதைப் பார்க்கும்போது மூன்றைக் கவனியுங்கள். உங்கள் இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கான வரியைப் பாருங்கள். உங்கள் மகளின் பட்டமும் கேட் தாளும் எந்தக் குரூப்பில் வருகின்றன என்று பாருங்கள், ஒரே படிப்புக்குப் பல குரூப்புகள் இருக்கும். முதல் சுற்றோடு நிறுத்தாமல் கடைசிச் சுற்று, ஸ்பாட் சுற்று வரை பாருங்கள். ஐ.ஐ.டி. கிடைத்தவர்களும் பொதுத்துறை வேலை கிடைத்தவர்களும் விலகிப் போகப் போக, பின் சுற்றுகளில் ஸ்கோர் இறங்குவது வழக்கம். முதல் சுற்றில் கிடைக்காததால் மனமுடைந்து ஏதோ ஒரு கல்லூரியில் பெரிய தொகை கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்க அலைவதைத் தவிர்க்கலாம்.

தமிழ்நாட்டுக் குடும்பங்கள் தவறாமல் சறுக்குகிற ஓர் இடம் சாதிச் சான்றிதழ். நம் வீட்டில் இருக்கிற பி.சி. அல்லது எம்.பி.சி. நிரந்தரச் சான்றிதழ் இங்கே செல்லாது. மத்திய அரசு வடிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்தோர் பிரிவில்) வராதவர் என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அது சேர்க்கை நடக்கிற ஆண்டின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கியதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். உங்கள் சமூகம் மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்றும் பாருங்கள், மாநிலப் பட்டியலில் இருப்பது மட்டும் போதாது. "எங்கள் சம்பளம் எட்டு லட்சத்தைத் தாண்டிவிட்டது, எங்களுக்குக் கிடைக்காது" என்று பலர் இதைக் கேட்காமலே விடுகிறார்கள். ஓ.பி.சி. கிரீமி லேயருக்கான அந்த எட்டு லட்சக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பெற்றோர் அரசுப் பணியில் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்பது தனியாகப் பார்க்கப்படும். இ.டபிள்யூ.எஸ்.ஸில் அப்படி இல்லை, எல்லா வருமானமும் சேரும். இ-சேவை மையத்தில் ஏப்ரல் முதல் வாரமே விண்ணப்பியுங்கள். தாலுகா அலுவலகத்தில் விசாரணை முடிந்து கையில் வர நாள் பிடிக்கும். ஆவணச் சரிபார்ப்பில் கேள்வி கேட்டால் பதில் சொல்ல ஓரிரு நாள்தான் கிடைக்கும். அதற்குள் சான்றிதழ் இல்லையென்றால் ஒதுக்கிய சீட் ரத்தாகிவிடும்.

46 மார்க்குக்குப் பழைய ஐ.ஐ.டி.களில் அதிகம் கேட்கப்படும் எம்.டெக். பிரிவுகள் பொதுப் பிரிவில் எட்டாமல் போகலாம். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஐ.ஐ.டி.களில் ஆராய்ச்சி வழியிலான எம்.எஸ். என்று ஒரு படிப்பு இருக்கிறது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் அது பெயர் பெற்றது. அங்கே கேட் ஸ்கோர் அழைப்பதற்குத்தான் முக்கியமாகப் பயன்படும். அதற்கு மேல் நேர்முகத் தேர்வு உண்டு, பல துறைகளில் எழுத்துத் தேர்வும் உண்டு. கணிதத்திலும் மாணவருக்குப் பிடித்த இரண்டு பாடங்களிலும் அடி ஆழம் வரை கேட்பார்கள். சிக்னல்ஸ் தான் பிடிக்கும் என்று சொன்னால், கன்வல்யூஷன் ஏன் அப்படி வரையறுக்கப்படுகிறது என்று படம் போட்டு விளக்கத் தெரிய வேண்டும். பாடத்தைப் புரிந்து படித்த, தேர்வறையில் கொஞ்சம் பதறிய பிள்ளைக்கு இது ஏற்ற வழி. படிப்பு முடிய இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தமிழ்நாட்டில் அண்ணா பல்கலைக்கழகத் துறைகளுக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கும் டான்கா என்ற எம்.இ., எம்.டெக். கவுன்சலிங் நடக்கிறது. கேட் இல்லாதவர்கள் 2023 முதல் சீட்டா-பி.ஜி. தேர்வு எழுதி வருகிறார்கள். கிண்டியிலோ குரோம்பேட்டையிலோ படிக்க ஆசை இருந்தால் கேட் ஸ்கோரோடு டான்காவிலும் பதியுங்கள். தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி பெற்ற கல்லூரியில், செல்லுபடியாகும் கேட் ஸ்கோரோடு முழுநேரமாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை 24 மாதம் வரை கிடைக்கும். சீட்டா மூலம் சேர்ந்தால் அது கிடையாது. இரண்டு வருடத்தில் மூன்று லட்சத்துக்கு அருகில் வருகிற தொகை, நடுத்தரக் குடும்பத்துக்குச் சின்ன விஷயமல்ல.

மீண்டும் எழுதலாமா என்று கேட்பீர்கள். முடிவெடுக்கும் முன் மகளின் விடைப்பதிவையும் அதிகாரபூர்வ விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்து, 46 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். ஒரு விடை மட்டும் சரியான வினாக்களில் தவறான விடைக்கு, ஒரு மார்க் வினாவில் மூன்றில் ஒரு பங்கும் இரண்டு மார்க் வினாவில் மூன்றில் இரண்டு பங்கும் கழியும். இரண்டு மார்க் வினாக்கள் ஒன்பதில் ஊகமாகப் போட்டுத் தவறியிருந்தால் அதிலேயே 6 மார்க் போயிருக்கும். அதைத் தொடாமல் விட்டிருந்தால் 52. மேலே போட்ட முதல் கணக்கில் 533 ஆக இருந்த ஸ்கோர் 594 ஆகியிருக்கும். பல விடை வினாக்களிலும் எண் விடை வினாக்களிலும் கழிவே இல்லை, அவற்றைக் காலியாக விட்டிருந்தால் அதுவும் நஷ்டம்தான். பொறியியல் தாள்கள் பெரும்பாலானவற்றில் ஆப்டிட்யூட் 15, பொறியியல் கணிதம் 13 என்று 28 மார்க் துறைப் பாடத்துக்கு வெளியே இருக்கிறது. அதில் 14-தான் வந்திருக்கிறது என்றால் மறுமுயற்சிக்கு இடம் இருக்கிறது. அங்கே 24 வாங்கி, துறைப் பாடத்தில் 22-தான் என்றால், அதைச் சரிசெய்ய ஏழெட்டு மாத உழைப்பு வேண்டும்.

அதற்காக ஒரு வருடம் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. இந்த ஸ்கோர் மூன்று ஆண்டு செல்லும் என்பதால் வேலையில் சேர்ந்தபடியோ, கிடைத்த இடத்தில் சேர்ந்தோ மறுபடி எழுதலாம். பொதுத்துறை நிறுவனங்கள் மட்டும் பெரும்பாலும் அந்த வருட ஸ்கோரைத்தான் கேட்கும். தங்கை ஒருத்தி மூன்றாம் ஆண்டு படிக்கிறாள் என்றால் அவளையும் இப்போதே எழுதச் சொல்லுங்கள், 2021-லிருந்து மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்கும் அனுமதி உண்டு.

ஸ்கோர் கார்டை இன்றே இறக்கி, பி.டி.எஃப். ஆக இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். மே 31 வரை இலவசம், அதன்பின் 500 ரூபாய் கட்டணம், டிசம்பர் 31-க்குப் பிறகு தருவதில்லை. அடுத்த இரண்டு வருடமும் அந்தக் காகிதம் தேவைப்படும்.