ஃபின்னிஷ் மொழியில் எத்தனை 'இல்'?

கேள்வி: மேற்படிப்புக்காக ஃபின்லாந்து போகிறேன், மொழியும் படித்து வருகிறேன். துர்க்கு நகரில் என்பது 'துருஸ்ஸ'. தம்பெரே நகரில் என்பது மட்டும் 'தம்பெரேல்ல'. கிழமைக்கு ஓர் உருபு, மாதத்துக்கு வேறொன்று. இதை எப்படிப் பிடிப்பது?
- வாசகி, திருச்சி

பதில்: அங்குள்ள 15 வேற்றுமைகளில் ஆறு இடத்துக்கென்றே உள்ளவை. உள்ளே என்றால் மூன்று: தலொ (வீடு), தலொஸ்ஸ (வீட்டுக்குள் இருக்க), தலொஸ்த (உள்ளிருந்து வெளியே), தலோன் (உள்ளே போக). மேலே, அருகே என்றால் வேறு மூன்று: கத்தொ (கூரை), கதொல்ல, கதொல்த, கதொல்லெ. குறில் நெடிலைக் கோட்டை விடாதீர்கள்: 'தலொன்' என்றால் வீட்டின், 'தலோன்' என்றால் வீட்டுக்குள். தமிழ்க் காதுக்கு இது எளிது.

கத்தொ 'கதொல்ல' ஆனபோது ஒற்று மெலிந்தது அல்லவா? துர்க்குவில் 'க்' விழுந்து 'துருஸ்ஸ' ஆனதும் அதே வழக்கம்தான். உள்ளே போகும்போது அது திரும்பிவிடும்: துர்க்கூன்.

ஊர்ப்பெயர்களுக்குத் திட்டமான விதி இல்லை. உள்ளூர்க்காரர் வழக்கே முடிவு. எஸ்போ நகரம் ஸ்ஸ-வை ஏற்கும், பக்கத்து நகரமான 'வந்தா' ல்ல-வை. ஊரோடு உருபையும் மனப்பாடம் செய்வதே வழி. வெளிநாடுகளுக்குப் பெரும்பாலும் ஸ்ஸ: இந்தியஸ்ஸ. ரஷ்யா விலக்கு, அதற்கு ல்ல.

காலத்தில் மாதத்துக்கு ஸ்ஸ (தம்மிகூஸ்ஸ, ஜனவரியில்), கிழமைக்கு ன (மானந்தைன, திங்களன்று), வாரத்துக்கும் பருவத்துக்கும் ல்ல (தல்வெல்ல, குளிர்காலத்தில்), கடிகார மணிக்கு ல்த. 'துன்னிஸ்ஸ' என்றால் ஒரு மணி நேரத்துக்குள் முடித்தேன் என்ற பொருள். ஒரு மணி நேரமாகச் செய்தேன் என்பதற்கு அது பொருந்தாது.

தமிழர் உண்மையில் தடுக்கி விழும் இடம் வினைச்சொல். சாவி பையில் கிடைத்தது என்போம். அவர்களுக்குச் சாவி பையிலிருந்து கிடைக்கிறது: லௌகுஸ்த. சாவியை வீட்டில் மறந்து வைத்தேன் என்பதற்கோ 'வீட்டுக்குள்' மறந்தேன் என்பார்கள்: கொதீன். பொருள் எங்கே போய்த் தங்கிவிட்டது என்பதையே அந்த மொழி பார்க்கிறது. ஆகவே கண்டெடு, வாங்கு, மற, தங்கு ஆகிய வினைகளை உருபோடு சேர்த்தே நோட்டில் எழுதுங்கள்.

இன்னொன்று: 'பெரிய வீட்டில்' என்பதில் நமக்கு உருபு ஒரே இடத்தில். அங்கே பெயரடைக்கும் உண்டு: இஸொஸ்ஸ தலொஸ்ஸ.