ஹெல்சின்கி – டோக்கியோ: 9 மணியா, 13 மணியா?

கேள்வி: ஹெல்சின்கியிலிருந்து டோக்கியோ சுமார் 7,800 கிலோமீட்டர்தான். விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகிறது. ஒன்பது மணி நேரத்தில் சேர வேண்டிய ஊருக்கு 13 மணி நேரம் என்று டிக்கெட்டில் போடுகிறார்கள். விமான நிறுவனங்கள் ஏன் இப்படிச் சுற்றவிட்டு ஏமாற்றுகின்றன?

பதில்: உங்கள் கணக்கு சரி, குற்றச்சாட்டுதான் தப்பு. 2022 பிப்ரவரி வரை பின்லாந்து நாட்டு நிறுவனமான ஃபின்னேரின் விமானங்கள் ரஷ்யாவின் சைபீரியாவுக்கு மேலே நேராகப் பறந்து, நீங்கள் சொன்ன மாதிரி ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ போய்க்கொண்டுதான் இருந்தன. உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானத்தை மூடியது. மறுநாளே ரஷ்யா 36 நாடுகளின் விமானங்கள் தன் மேலே பறக்கக் கூடாது என்று தடை போட்டது, அதில் பின்லாந்தும் ஒன்று. உலகப் படத்தை எடுத்துப் பாருங்கள், அந்த வழியில் ரஷ்யாவை விட்டால் வேறு என்ன இருக்கிறது? இப்போது ஒன்று, வடக்கே ஏறி ஆர்க்டிக் கடலைத் தாண்டி அலாஸ்கா பக்கமாகப் பெரிங் நீரிணைக்கு மேலே இறங்கி வர வேண்டும். இல்லையென்றால் தெற்கே காஸ்பியன் கடல், கஜகஸ்தான், சீனா என்று சுற்ற வேண்டும்.

இதில் நிறுவனத்துக்கு என்ன லாபம், சொல்லுங்கள்? நாலு மணி நேர எரிபொருள் கூடுதல், பைலட்களும் கூடுதல். முன்பு ஒரே நாளுக்குள் டோக்கியோ போய்த் திரும்பிவிடும் விமானத்துக்கு இப்போது பறக்கும் நேரம் மட்டுமே 26 மணி. 'ஆசியாவுக்குக் கிட்டத்தில் இருக்கிறோம்' என்பதை நம்பியே தொழிலைக் கட்டிய நிறுவனம் அது, அதன் வயிற்றில் அடித்த விஷயத்தை ஏமாற்று என்கிறீர்கள்.

இது புதுசும் இல்லை. 1983-இல் சோவியத் அனுமதி இல்லாததால் இதே ஃபின்னேர் டிசி-10 விமானத்தை வட துருவத்துக்கு மேலாக டோக்கியோவுக்கு ஓட்டியது, அப்போதும் சுமார் 13 மணி நேரம்தான். அப்புறம் சைபீரியா திறந்தது, அதற்கும் கட்டணம் வாங்கிக்கொண்டுதான் விட்டார்கள். தன் நிலத்துக்கு மேலுள்ள வானம் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று 1944 சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது, அதனால் ரஷ்யா வேண்டாம் என்றால் சுற்றித்தான் போக வேண்டும். தூரத்தை வேகத்தால் வகுத்தால் வருகிற விடை, வழி கொடுத்தால்தான் செல்லும்.

உங்களுக்குக் கோபம் வர வேண்டிய இடம் வேறு. சீன விமான நிறுவனங்களுக்கு இந்தத் தடை கிடையாது. அவை இன்றைக்கும் ரஷ்யா மேலேயே ஐரோப்பாவுக்குப் பறக்கின்றன, எரிபொருள் மிச்சம், நேரமும் மிச்சம். லண்டன்–பெய்ஜிங் வழியில் அவற்றோடு போட்டி போட்டுவந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் 2024 அக்டோபரில் அந்தச் சேவையை நிறுத்திவைத்தது.