உருட்டுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: மேசை ஆட்டக் கேள்வி பதில்

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டம் நடத்துகிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, டைஸ் உருட்டிக் கதையை நகர்த்துகிற ஆட்டம். கேரள-தமிழ்நாடு எல்லைக்கு இரண்டு பக்கமிருந்தும் ஆட வருகிறார்கள். டிஎம்மாக (ஆட்டத்தை நடத்தி, உலகத்தையும் எதிரிகளையும் சொல்கிறவர்) உட்காரப் பழகுகிறவர்களும் ஆட்டக்காரர்களும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கோவிந்தாபுரம்: அக்கா, ராத்திரி கண்ணு முழிச்சு கதை எழுதி வெச்சேன். பசங்க முதல் செஷன்லயே வில்லனோட ஆளாப் போய்ச் சேர்ந்துட்டாங்க. எப்படித் திருப்பிக் கொண்டாறது?

திருப்பாதீங்க தம்பி. அவங்க வில்லனிடம் போனது உங்க ஆட்டத்தில் நடந்த முதல் நல்ல விஷயம். இனி கதையை எழுதாமல் நிலவரத்தை எழுதி வையுங்கள்.

மணக்கடவு தடுப்பணையில் தமிழ்நாட்டிடமிருந்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி என்று அளந்து தண்ணீர் வாங்குகிற ஊர்க்காரர்கள் நாம். மேட்டு நாடு மதகைப் பிடித்து வைத்திருக்கிறது, பள்ளத்து நாட்டில் கதிர் காய்கிறது என்றால் நம்ம மேசையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. நான் எழுதி வைப்பது இவ்வளவுதான்: மதகுச் சாவி யாரிடம், அவருக்கு என்ன வேண்டும், யாருக்குப் பயப்படுகிறார், யாரும் தலையிடாவிட்டால் என்ன ஆகும். கடைசிக் கேள்விக்காக ஒரு வட்டம் வரைந்து ஆறு துண்டாக்கி மேசை நடுவில் வைப்பேன். பிளேட்ஸ் இன் த டார்க் என்கிற இன்னொரு மேசை ஆட்டத்தில் இதைக் கடிகாரம் என்பார்கள். பார்ட்டி (ஆட்டக்காரர்களின் கேரக்டர் கூட்டம்) நாளைக் கடத்தினாலோ பெரிய காரியத்தில் தோற்றாலோ ஒரு துண்டைக் கறுப்பாக்குவேன். ஆறும் கறுத்தால் பயிர் போச்சு. வட்டம் எல்லார் கண்ணிலும் படுவதால் "இன்னிக்கு ராத்திரி ஓய்வெடுக்கலாமா" என்பதே அவங்களுக்குள் பெரிய வாக்குவாதமாகிவிடும்.

உங்க வில்லனுக்கும் இப்படி ஒன்று எழுதுங்கள். புதுசாக நாலு ஆள் கிடைத்திருக்கிறார்கள், முதலில் எந்த அழுக்கு வேலையைக் கொடுப்பான்? அடுத்த செஷன் அங்கே தொடங்கும்.

மீனாட்சிபுரம்: கிழக்கு வழியில போனாலும் மேற்கு வழியில போனாலும் அதே பூதம்தான் வரும்னு வெச்சிருக்கேன். பசங்களுக்குத் தெரியவா போகுது?

எதுவும் தெரியாமல் குருட்டுவாக்கில் ஒரு வழியில் போனார்கள் என்றால் அதில் பெரிய குற்றமில்லை. அங்கே அவர்கள் எதையும் தேர்ந்தெடுக்கவே இல்லை. ஆனால் ஆடு மேய்க்கிறவரிடம் நின்று விசாரித்தார்கள், "கிழக்கே போகாதீங்க, நேத்து ரெண்டு கிடாயைக் காணோம், தடம் இந்த அகலம் இருக்கு" என்று அவர் கையை விரித்துக் காட்டினார், அதைக் கேட்டு மேற்கே போனார்கள் என்று வையுங்கள். இப்போது பூதத்தைத் தூக்கி மேற்கே வைத்தால், அவர்கள் புத்தியால் சம்பாதித்ததை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள்.

தெரிந்துகொள்ள வழி இருக்க வேண்டும், வழிகள் ஒன்றுக்கொன்று நிஜமாகவே வேறாக இருக்க வேண்டும், எடுத்த முடிவின் பலன் மாறாமல் நிற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று போனாலும் ஆட்டக்காரர் கையில் ஒன்றுமில்லை.

பசங்களுக்குத் தெரியாது என்கிறீர்களே, தெரியும். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆடு மேய்க்கிறவரிடம் விசாரிப்பதை நிறுத்திவிடுவார்கள். உங்க மேசையில் கேள்வி குறைந்துகொண்டே வந்தால் காரணத்தை இங்கே தேடுங்கள்.

கிழக்கே எழுதி வைத்த பாழடைந்த கோட்டை வீணாகிறதே என்றால் அதை இன்னொரு நாள் இன்னொரு ஊரில் வைத்துக்கொள்ளலாம். அவர்கள் வேண்டுமென்றே தவிர்த்ததை மட்டும் வழியில் கொண்டுவந்து நிறுத்தாதீர்கள்.

வாளையார்: முதல் சண்டையிலயே ஃப்ரெண்டோட கேரக்டர் சாகுற மாதிரி டைஸ் விழுந்துச்சு. மறைவா மாத்திச் சொல்லிட்டேன். தப்பாங்க்கா?

இனிமேல் திறந்த மேசையில் உருட்டுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பில் ஹெச்பி, அதாவது கேரக்டரின் உயிர்ப்புள்ளி, 0 ஆனதும் பெரும்பாலும் உடனே சாவு இல்லை. தன் முறை வரும்போதெல்லாம் டி20 (இருபது முக டைஸ்) உருட்ட வேண்டும். 10 அல்லது அதற்கு மேல் விழுந்தால் வெற்றி. மூன்று தோல்விக்கு முன்னால் மூன்று வெற்றி கிடைத்தால் உயிர் தங்கும். 20 விழுந்தால் 1 ஹெச்பியோடு எழுந்துவிடலாம், 1 விழுந்தால் இரண்டு தோல்வியாகக் கணக்கு. அந்த இடைவெளி கூட இருக்கிறவர்களுக்கானது. ஒருத்தி சண்டையை விட்டுவிட்டு மருந்தோடு ஓடுவாளா, எதிரியை முடித்துவிட்டு வரலாம் என்று நிற்பாளா? நீங்கள் மறைவாக மாற்றிய எண் அந்த முடிவை எடுக்கவே விடாமல் செய்துவிட்டது.

சாவு வேண்டாம் என்று நினைத்தால் அதுவும் நியாயம்தான். ஆனால் கேம்பெய்ன் (பல செஷனாக நீளும் கதை) தொடங்கும்போதே "இங்கே விழுந்தால் பிடித்துக்கொண்டு போவார்கள், கொல்ல மாட்டார்கள்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள்.

பொள்ளாச்சி: எத்தனை விழுந்தா பாஸ்னு எப்படிங்க முடிவு பண்றது?

விழாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் யோசியுங்கள். ஒன்றும் ஆகாது, மறுபடி முயலலாம் என்றால் உருட்டவே வேண்டாம், பூட்டு திறந்தது என்று சொல்லிவிட்டு மேலே போங்கள். உருட்டித்தான் ஆக வேண்டுமென்றால் ரூல்ஸ்படி சுலபமானதுக்கு 10, நடுத்தரத்துக்கு 15, கஷ்டத்துக்கு 20. கேரக்டரின் திறமைக்கு டைஸ் எண்ணோடு கூட்ட +5 இருந்து 15 தேவை என்றால் டைஸில் 10 விழுந்தால் போதும், வாய்ப்பு 55 சதவீதம். அட்வான்டேஜ் கொடுத்து இரண்டு டைஸில் பெரியதை எடுக்கவிட்டால் அது கிட்டத்தட்ட 80 ஆகிவிடும். அதனால் "கயிறு கட்டிக்கிட்டு ஏறுறேன்" என்று யோசித்துச் சொல்கிறவருக்குத் தயங்காமல் அட்வான்டேஜ் கொடுங்கள்.

எண்ணையும் தோற்றால் வரும் விளைவையும் டைஸ் கையை விட்டுப் போகும் முன்னால் சொல்லிவிடுங்கள். "15 வேணும், தவறினா காவல்காரன் முழிச்சுக்குவான், உருட்டறியா?" கேட்டபின் அவர் பின்வாங்கலாம், வேறு வழி பார்க்கலாம். உருட்டியபிறகு விளைவை யோசிக்கிற டிஎம் என்னதான் நல்ல மனசுக்காரராக இருந்தாலும் முடிவு அவருடையதாகிவிடும், ஆட்டக்காரருடையதாக இருக்காது.

செங்கோட்டை, கல்லூரி மாணவி: எனக்குப் பேச வராதுக்கா. ஆனா என் கேரக்டர் பெரிய பேச்சுக்காரி. டிஎம் நடிச்சுக் காட்டச் சொல்றார்.

நடிக்க வேண்டியதில்லை கண்ணு. வாள் வீசுகிறவரை யாரும் மேசையைச் சுற்றி வாள் வீசிக் காட்டச் சொல்வதில்லையே. யாரிடம், என்ன வேண்டும், எதைச் சொல்லி அல்லது கொடுத்துக் கேட்கிறாய், இந்த மூன்றைச் சொன்னால் போதும். எங்கள் மேசையில் அதிகம் பேசாத பெண் ஒருத்தி. கணவாய்ச் சுங்கச்சாவடியில் வண்டியை மறித்துவிட்டார்கள். அவள் மெதுவாக, "ஒரு கருப்பட்டிய உடைச்சு அந்த சுங்கக்காரரோட கழுதைக்குக் குடுக்கறேன், வாடலா இருக்கு" என்றாள். கழுதை வாடலாக இருப்பதை நான் போகிறபோக்கில் சொல்லியிருந்தேன், அவள் மட்டும் பிடித்துக்கொண்டாள். அதற்கு டைஸே தேவைப்படவில்லை. வண்டி போனது.

கம்பம்: எங்க பார்ட்டி திருடன் கூட இருக்கவங்க கிட்டயே திருடுறான். கேட்டா "என் கேரக்டர் அப்படித்தான், என் இஷ்டம்"ங்கிறான்.

பறிகொடுக்கிறவருக்கும் இஷ்டம் உண்டு. எங்கள் வழக்கம்: ஒரு கேரக்டர் இன்னொரு ஆட்டக்காரரின் கேரக்டர்மேல் கைவைத்தால், அது நடந்ததா இல்லையா என்பதைப் பாதிக்கப்படுகிறவர் சொல்வார். டைஸ் கிடையாது.

குமுளி: மனசைக் கட்டுற மந்திரம் போட்டா ஆட்டக்காரர் சும்மா உட்கார்ந்திருக்கார். அதை எடுத்துடலாமா?

எடுக்க வேண்டாம், தப்பிக்கும் வழியை எப்போதும் திறந்து வையுங்கள். ஹோல்டு பர்சன் மந்திரத்தில் கட்டுண்டவர் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் மறுபடி உருட்டலாம். ஃபேட் என்கிற ஆட்டத்தில் இன்னும் நயமான ஏற்பாடு: கேரக்டரின் பலவீனத்தைக் காட்டி டிஎம் சிக்கலில் தள்ளும்போது ஆட்டக்காரருக்கு ஒரு பாயின்ட் நீட்டுவார். ஒத்துக்கொண்டால் பாயின்ட் அவருக்கு. மறுத்தால் தன்னிடமிருந்து ஒன்றைக் கொடுக்க வேண்டும். நான் இதை எந்த ஆட்டத்திலும் சேர்த்துக்கொள்வேன். கெட்டது நடக்கும்போதும் தலையாட்டியது ஆட்டக்காரர்தான்.

புளியரை, பத்தாம் வகுப்பு: புக்கும் டைஸும் வாங்கக் காசு இல்லக்கா.

அடிப்படை ரூல்ஸ் முழுவதையும் 2023-இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். எஸ்ஆர்டி 5.1 என்று தேடினால் இலவசமாகக் கிடைக்கும். டி20-க்குப் பதில் 1 முதல் 20 வரை சீட்டெழுதி ஒரே மாதிரி மடித்துச் சொம்பில் போட்டுக்கொள். எடுத்த சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கிய பிறகே அடுத்தவர் எடுக்கணும், இல்லாவிட்டால் வாய்ப்புக் கணக்கு மாறிப்போகும்.