ஒழுகுவது மேல்வீடு, மாட்டப்போவது நீங்கள்

கேள்வி: ஓசூரில் ஒரு அடுக்குமாடியில் முதல் மாடி எங்களுடையது. மேல்வீட்டுக் குளியலறைத் தண்ணீர் எங்கள் படுக்கையறை சீலிங்கில் ஒழுகி, காரை பெயர்ந்து கட்டில்மேல் விழுகிறது. அங்கே தனியாக இருக்கும் வயதான அம்மாவிடம் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். வீடு மகன் பெயரில். அவருக்கு பெங்களூரில் வேலை. என் மகள் கல்யாணத்துக்குக்கூட வராத குடும்பம் அது. பொறுக்க முடியாமல், மொட்டை மாடியில் அவர்கள் வீட்டு வால்வை இரண்டு நாள் மூடிவைத்தேன். போர் தண்ணீரைத்தான் நிறுத்தினேன், ஓகேனக்கல் தண்ணீரைத் தொடவில்லை. அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் 'ஏமாற்றுக் குடும்பம்' என்றும் எழுதினேன். கணவரை இழந்தவர்மேல் வழக்குப் போடுவது பாவம் என்கிறார் மனைவி. நான் அரசுப் பள்ளி ஆசிரியர். என்ன செய்யலாம்?

பதில்: கல்யாணத்துக்கு வராதது வழக்குக்கு உதவாது, விடுங்கள். பாவ புண்ணியமும் இங்கே எழவில்லை. வீடு மகன் பெயரில் என்றால் நோட்டீஸ் போக வேண்டியது அவருக்கு.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: ஒழுகுவது எந்தக் குழாய்? குளியலறைத் தரையிலோ, தரைத் தண்ணீர் வடியும் நானி ட்ராப்பிலோ கசிவு என்றால் செலவு மேல்வீட்டுக்காரருடையது. எல்லா மாடிக்கும் பொதுவான குழாய்ச் சந்தில் (டக்ட்) இறங்கும் பொதுக் குழாய் என்றால் அசோசியேஷன் பணம், அதில் உங்கள் பங்கும் உண்டு. இவ்வளவு எழுதிய நீங்கள் இதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. நல்ல பிளம்பர் ஒருவர் அந்தத் தரையில் தண்ணீரைத் தேக்கி, கொஞ்சம் சொட்டு நீலம் கலந்து ஒரு நாள் விட்டால் போதும். உங்கள் சீலிங்கில் நீலம் இறங்கினால் தகராறுக்கே இடமில்லை. அதற்கு அந்த அம்மா கதவைத் திறக்க வேண்டும். திறக்கிற நிலைமையிலா வைத்திருக்கிறீர்கள்?

எனக்குக் கவலை அந்த வால்வுதான். போர் தண்ணீர்தானே என்ற சமாதானம் செல்லாது. இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, பிரிவு 326, குடிநீரை மட்டும் சொல்லவில்லை. சுத்தத்துக்கான தண்ணீரைக் குறைப்பதையும் சேர்த்தே சொல்கிறது. 5 ஆண்டு வரை தண்டனை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே பிரிவு 430. கடைசிவரை வழக்கு நிற்குமா என்பது வேறு விஷயம். தனியாக இருக்கும் மூதாட்டி இரண்டு நாள் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லாமல் தவித்தேன் என்று ஸ்டேஷனில் சொன்னால், எஃப்.ஐ.ஆர். போடுவதற்கு அது போதும். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது அந்த ஒரு எண் உங்கள் குறுக்கே நிற்கும். இப்படி ஒழுகலில் ஆரம்பித்து, கிரிமினல் வழக்கில் ஜாமீன் கேட்டு வந்து நின்ற கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த நியாயத்தைப் பேச நேரமே வரவில்லை.

சிவிலிலும் இது உங்களைத் துரத்தும். பழுது பார்க்கச் சொல்லிக் கட்டளை கேட்டு நீங்கள் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு எழுதும் முதல் பத்தியே வால்வுதான். வாதியின் நடத்தை சரியில்லை என்றால் தடை உத்தரவை மறுக்க, குறிப்பிட்ட நிவாரணச் சட்டம் 1963, பிரிவு 41 இடம் தருகிறது. வாட்ஸ்அப்பில் எழுதியது தனி அவதூறு, பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356. இப்போது அழித்துப் பயனில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். இனி ஒரு வரியும் எழுதாதீர்கள்.

ஆகவே, சமாதானமாகப் போங்கள். தயங்காமல் சொல்கிறேன். சனி, ஞாயிறு மகன் வரும்போது நேரில் பார்த்து, வால்வு விஷயத்தில் வருத்தம் தெரிவியுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டாம், வாயால் சொன்னால் போதும். அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுங்கள். வழக்குப் போடாமலே லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) முடிக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே கிடைக்கும் தீர்ப்பு சிவில் கோர்ட் தீர்ப்பாணைக்குச் (டிக்ரி) சமம், மேல்முறையீடும் இல்லை. யார் செலவு, எந்தத் தேதிக்குள் தரை உடைத்துப் போடுவது, உங்கள் சீலிங் பூச்சு யார் கணக்கு என்று தெளிவாக எழுதுங்கள். தண்ணீரை நிறுத்தியது பற்றி இனி புகார் இல்லை என்ற வரியும் அதிலேயே வரட்டும். கையெழுத்து மகனுடையதாக இருக்க வேண்டும். அம்மாவுடையது மட்டும் போதாது. பூச்சு வேலைக்குப் பாதிப் பணம் நீங்கள் போட வேண்டி வந்தாலும் ஒத்துக்கொள்ளுங்கள்.