மறுமொழி: சிறை மேற்கூரை ஒழுகல், ‘நிதி இல்லை’ என்ற பதில்

ஐயா, விசாரணைக் கைதியான தங்கள் தம்பி இருக்கும் சிறைக் கட்டடத் தொகுதியில் மேற்கூரை ஒழுகுவதாகவும், கேட்டால் ‘நிதி இல்லை’ என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். சிறைகள் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணைப்படி மாநிலப் பட்டியலில் வருவதால், தமிழ்நாட்டில் அதற்கான பணம் உள்துறையின் மானியக் கோரிக்கையாக, அதாவது ஆண்டுச் செலவுக்குப் பணம் கேட்கும் தீர்மானமாக, சட்டமன்றத்தில் நிறைவேறி, பெரும்பாலும் ‘2056 சிறைகள்’ என்னும் கணக்குத் தலைப்பில் செலவாகிறது. ஆனால் உணவும் சம்பளமும் போல் அல்லாமல், கட்டடப் பழுது பெரும்பாலும் பொதுப்பணித் துறையின் மதிப்பீட்டுக்காகக் காத்திருக்கும். கோப்பு அங்கேதான் உறங்கும் என்பது என் ஊகம்.

ஆகவே, மதிப்பீடு எந்த நாளில் கோரப்பட்டது, எவ்வளவு ஒதுக்கப்பட்டது என்று சிறைத்துறையின் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன்கீழ் மனு அனுப்புங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். ஒழுகலோ அதுவரை பொறுக்காது. சிறையைப் பார்வையிடும் பொறுப்புள்ள மாவட்ட நீதிபதிக்கும், இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கும் தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு இன்றே எழுதுங்கள். தணிக்கைத் துறையை இப்போது நாடவேண்டாம். அவர்கள் அறிக்கை சட்டமன்றத்துக்கு வர நெடுநாளாகும்.